டச் வேலை செய்யலையா? கடையில் கேட்கும் கேள்விகள், ஈரக் கை முதல் விரல் மூட்டு வரை

மன்னார்குடியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்கள், கண்ணாடி ஒட்ட வருகிறவர்கள், ரீசார்ஜுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறவர்கள் என்று எல்லோரும் டச் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். நடவு நேரத்தில் ஒரு மாதிரி, ஐப்பசி மழையில் ஒரு மாதிரி, கல்யாண சீசனில் இன்னொரு மாதிரி. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப் போக கொஞ்சம் வில்லங்கமானவை.

விரலால தொட்டா எடுக்குது. நகத்தாலயோ குச்சியாலயோ தொட்டா எடுக்கலையே, ஏன்?

போன் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் சிறிய மின்புலம் ஒன்று இருக்கும். நம் உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால், விரல் கிட்டே வந்ததும் அந்தப் புலத்தில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். எந்த இடத்தில் குறைந்தது என்று ஒரு சிப் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. நகமும் மரக்குச்சியும் மின்சாரம் கடத்தாது. அதனால் அவை தொட்டதே போனுக்குத் தெரியாது. மூக்கால் தொட்டால் எடுக்கும், வேண்டுமானால் செய்து பாருங்கள்.

பழைய போன்களில் குச்சியால் அழுத்தினாலும் எடுத்ததே என்பார்கள். அது வேறு வகை. இரண்டு படலங்கள் சின்ன இடைவெளி விட்டு இருக்கும், அழுத்தும்போது ஒன்றோடொன்று ஒட்டும், அதை வைத்து இடம் கண்டுபிடிக்கும். எதால் அழுத்தினாலும் அதற்குக் கவலை இல்லை. 2007இல் ஐபோன் வந்த பிறகு முதலில் சொன்ன வகைதான் எங்கும் பரவியது. ஆனால் அந்த யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் ரேடார் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த இ. ஏ. ஜான்சன் 1965இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.

ஈரக் கையோட தொட்டா போன் பேய் பிடிச்ச மாதிரி தானா ஓடுதே அண்ணே?

தண்ணீரும் மின்சாரம் கடத்தும். கண்ணாடியில் ஒரு துளி பரவிக் கிடந்தால் அந்த இடத்திலும் மின்புலம் குலைகிறது, போன் அதை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. துளி ஓடினால் 'விரல்' நகர்வதாக நினைத்து பக்கத்தைத் தள்ளும், யாருக்காவது போன் போடும். உப்பு கலந்த தண்ணீர் இன்னும் மோசம், ஏனென்றால் அது இன்னும் நன்றாகக் கடத்தும். வேதாரண்யம் உப்பளத்திலிருந்தும் நாகை துறைமுகத்திலிருந்தும் வருகிறவர்கள் இந்தப் புகாரை அதிகமாகச் சொல்வது இதனால்தான். யூரியா கரைத்த கை, மருந்து அடித்த கை, வியர்வைக் கை எல்லாமே இதே கணக்கு.

இதைச் சமாளிக்க சிப்புக்குள் இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று, கோடுகள் சந்திக்கும் இடங்களை அளப்பது. இன்னொன்று, ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக அளப்பது. இரண்டையும் ஒப்பிட்டால் எது துளி, எது விரல் என்று ஓரளவு பிரிக்கலாம். 2023 முதல் ஒன்பிளஸ் போன்ற நிறுவனங்கள் மழையிலும் டச் வேலை செய்யும் என்று சொல்லி விற்பது இந்த மாதிரி வேலைகளை நம்பித்தான். தூறலுக்குப் பரவாயில்லை. நாற்று முடியோடு சேற்றில் நிற்கும் கைக்கு அதெல்லாம் போதாது. தோளில் கிடக்கும் துண்டில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஸ்க்ரீனை அணைத்துப் பையில் போடுங்கள். அணைக்காமல் போட்டால் பைக்குள்ளேயே பேய் ஆடும்.

ரேஷன் கடையில எனக்கு கைரேகை விழாது. போன் டச்சும் சரியா எடுக்கலை. ரெண்டும் ஒரே கோளாறா தம்பி?

இரண்டும் வேறு வேறு. ரேகைக் கருவி தோலின் மேட்டையும் பள்ளத்தையும் படமாகப் பார்க்கிறது. வருஷக்கணக்காகக் களை பறித்து, கதிர் அறுத்து ரேகை தேய்ந்துவிட்டால் அதற்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. டச்சுக்கு ரேகையே தேவையில்லை, மேலே சொன்ன மின்கடத்தல் இருந்தால் போதும்.

ஆனால் காரணம் ஒரே கைதான். தோல் காய்த்துப்போய், காய்ந்து தடித்துவிட்டால் அந்தத் தடித்த பகுதி சரியாகக் கடத்தாது. உள்ளே இருக்கும் சதைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தடுப்பு மாதிரி ஆகிவிடும். நுனியால் குத்தாமல் விரலைச் சாய்த்து, சதைப்பகுதி அகலமாகப் படும்படி தொடுங்கள். தேங்காய் எண்ணெயை விட, கையை நனைத்து நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுவது பலன் தரும். அப்படியும் எடுக்கவில்லை என்றால் அடுத்த பதிலில் சொல்லும் செட்டிங்கைப் போடுங்கள்.

தவில் கூடு மாட்டின கையால போனை எடுக்க முடியலை. கழட்டி மாட்டுறதுக்குள்ள கட் ஆயிடுது. வழி உண்டா?

கூடு என்பது துணியும் பசையும் சுற்றிக் காயவைத்து இறுகிய உறை. கடத்தாது, போதாததற்குத் தடிமன் வேறு. கையுறை போட்டவர்களுக்காக சில போன்களில் டச்சின் உணர்திறனைக் கூட்டும் வசதி உண்டு. 2012இல் நோக்கியா லூமியா 920 இதைப் பெரிதாக விளம்பரம் செய்தது. இன்று சாம்சங்கில் டிஸ்ப்ளே செட்டிங்கில் 'டச் சென்சிடிவிட்டி' என்று இருக்கும். மெல்லிய கையுறைக்கும், கண்ணாடி ஒட்டிய பிறகு மந்தமான டச்சுக்கும், காய்த்துப்போன விரலுக்கும் அது உதவும். தவில் கூட்டைத் தாண்டி உணர அதற்கும் சக்தி போதாது.

நடைமுறை வழி இரண்டு. கழியைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் தொடுவது ஒன்று. வால்யூம் பட்டனை அழுத்தினால் கால் எடுக்கும்படி வைத்துக்கொள்வது இன்னொன்று, சாம்சங் கால் செட்டிங்கில் அது உண்டு. பட்டனுக்குக் கூடும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். கெட்டிமேளம் நேரத்தில் போன் எடுப்பது சரியா என்பதை நாகஸ்வரக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டச்சை விரிவாக்குறோம்னு சொல்றாங்களே, ஸ்க்ரீனைப் பெரிசாக்குறதா?

இல்லை. இன்றைக்கு ஒரு தொடுதலிலிருந்து போன் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே விஷயம்: கண்ணாடியில் எந்த இடம். ஆனால் நம் கை சொல்வது அதைவிட அதிகம். எவ்வளவு அழுத்தினோம், எவ்வளவு நேரம் வைத்திருந்தோம், எத்தனை விரல், விரலின் எந்தப் பகுதி, முன்பக்கமா பின்பக்கமா விளிம்பா, தொட்டோமா அல்லது தொடுவதற்கு முன்பே மேலே நிற்கிறோமா. இவற்றையெல்லாம் படித்தால் ஒரே தொடுதலுக்கு பல அர்த்தம் வைக்கலாம்.

இதற்கு ஒரு தேவையும் இருக்கிறது. போன் கண்ணாடி கையளவுதான். அதில் ஒரு விரலை வைத்ததும் பார்க்க வேண்டிய இடத்தையே விரல் மறைத்துவிடுகிறது. பட்டன்களைப் பெரிதாக்கினால் இடம் போதாது, சிறிதாக்கினால் விரல் தடுமாறும். அதனால் கண்ணாடியில் பட்டன் சேர்க்காமலே புது வழிகளைத் தேடுகிறார்கள். கீழே வரும் கேள்விகள் எல்லாம் அந்த வழிகளைப் பற்றித்தான்.

அழுத்தித் தொடுறதும் ரொம்ப நேரம் தொடுறதும் ஒண்ணுதானே?

இப்போது ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. முன்பு அப்படி இல்லை. 2015இல் ஐபோன் 6எஸ்ஸில் 3டி டச் என்று ஒன்று வந்தது. டிஸ்ப்ளேக்குப் பின்னால் தனி உணரிகளை வைத்தார்கள். விரல் அழுத்தும்போது கண்ணாடி மயிரிழைக்கும் குறைவாக வளையும், அந்த வளைவை அவை அளக்கும். லேசாகத் தொட்டால் ஒன்று, அழுத்தினால் முன்னோட்டம், இன்னும் அழுத்தினால் முழுதாகத் திறக்கும். வேலைப்பாடாகப் பார்த்தால் அபாரம். அந்த போன்களைப் பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2018இல் ஐபோன் எக்ஸ்ஆரில் அது இல்லை. 2019இல் ஐபோன் 11 வரிசையில் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஹாப்டிக் டச்: விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போன் ஒரு சின்ன அதிர்வு கொடுத்து மெனுவைத் திறக்கும். அழுத்தத்தை அளப்பது கிடையாது, நேரத்தை மட்டும்தான்.

ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால், தனி உணரிக்கு ஆகும் செலவும் இடமும் ஒரு பக்கம். என் கணிப்பில் பெரிய காரணம் வேறு: எதை அழுத்தலாம், எதை அழுத்த முடியாது என்று கண்ணாடியில் எந்த அடையாளமும் இல்லை. யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். என்னிடம் டிஸ்ப்ளே மாற்ற வந்த 6எஸ், 7 வைத்திருந்தவர்களில் பலருக்கு தன் போனில் அது இருப்பதே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வசதி எவ்வளவு நல்லதானாலும் நிலைக்காது. கீழேயும் இதே கதை திரும்பத் திரும்ப வரும்.

விரல் மூட்டால தட்டினா ஸ்க்ரீன்ஷாட் எடுக்குதாமே! மூட்டு எது, விரல் எதுன்னு போனுக்கு எப்படித் தெரியும்?

மூட்டும் தோல்தான், அதனால் தொட்ட இடம் தெரிந்துவிடும். எது தொட்டது என்பதை அதிர்வு சொல்கிறது. தவிலின் இரண்டு பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே கழி பட்டது எது, கூடு பட்டது எது என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அதே சங்கதி. விரலின் சதை மெத்தென்று இறங்கும், மூட்டு எலும்போடு 'டக்' என்று இறங்கும். இரண்டும் கண்ணாடியில் வேறு வேறு அதிர்வைக் கிளப்புகின்றன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஹாரிசன் குழுவினர் 2011இல் இதைச் செய்து காட்டினார்கள். டாப்சென்ஸ் என்று பெயர். சதை, விரல்நுனி, நகம், மூட்டு நான்கையும் பிரித்தது. அப்புறம் அது ஒரு நிறுவனமாகி, 2015 முதல் ஹுவாவே போன்களில் வந்தது. மூட்டால் இரண்டு தட்டு தட்டினால் ஸ்க்ரீன்ஷாட், மூட்டால் ஓர் எழுத்தை வரைந்தால் ஓர் ஆப் திறக்கும்.

எனக்குப் பிடித்த வசதி இது. சேறோ மாவோ விரல்நுனியில் இருக்கும்போது மூட்டு சுத்தமாக இருக்கும். ஆனால் எல்லா போனிலும் இல்லை. உங்கள் போனில் இல்லை என்றால் மூன்று விரலால் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் ஸ்க்ரீன்ஷாட் விழும்.

பின்பக்கம் தட்டினா டார்ச் எரியுது. பின்னாடியும் டச் இருக்கா?

ஐபோனிலும் கூகுளின் பிக்சல் போனிலும் பின்னால் டச் இல்லை. போன் சாய்வதை அளக்கும் அதே உணரிதான் தட்டியதையும் உணர்கிறது. ஐபோனில் 2020இல் ஐஓஎஸ் 14ஓடு வந்தது, ஐபோன் 8 முதல் வேலை செய்யும். செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டச் என்று போய், கடைசியில் 'பேக் டேப்'. பிக்சலில் ஆண்ட்ராய்டு 12ஓடு 'குயிக் டேப்' என்று வந்தது. ராத்திரி மோட்டார் கொட்டகைக்குப் போகிறவர்கள் இரண்டு தட்டுக்கு டார்ச் வைத்துக்கொண்டால் ஒரு கையே போதும். தடித்த ரப்பர் கவர் போட்டிருந்தால் கொஞ்சம் ஓங்கித் தட்ட வேண்டும். பைக்கில் போகும்போது குலுங்கித் தானாக எரிந்தால் ஐபோனில் மூன்று தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

நிஜமாகவே பின்னால் டச் பலகை வைத்த போனும் வந்தது. 2013இல் ஓப்போ என்1. விரல் கண்ணாடியை மறைக்காது என்பதுதான் அதன் வாதம், சரியான வாதமும்கூட. 2017இல் எச்டிசி யு11, பிக்சல் 2 இரண்டும் விளிம்பைப் பிழிந்தால் வேலை செய்யும்படி வந்தன. எதுவும் நிலைக்கவில்லை. காரணம் 3டி டச் பதிலில் சொன்னதுதான்.

தொடாமலே காத்துல கையை ஆட்டினா போதும்னு வந்துச்சே, என்னாச்சு?

2013இல் சாம்சங் எஸ்4 கையசைவைப் பார்த்துப் பக்கம் திருப்பியது. 2019இல் கூகுள் பிக்சல் 4இல் சோலி என்ற குட்டி ரேடாரையே வைத்தது. கை கிட்டே வருவதை உணரும், காற்றில் வீசினால் பாட்டை மாற்றும். அந்த ரேடார் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடியது. அதற்கு இங்கே அனுமதி கிடைக்காததால் பிக்சல் 4 இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. அடுத்த மாடலில் கூகுளே ரேடாரைக் கைவிட்டது. ஈரக் கைக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கையை ஆட்டிப் பேசும் ஊரில் எந்த அசைவு போனுக்கு, எந்த அசைவு எதிரில் நிற்பவருக்கு என்று எப்படிப் பிரிப்பது?

கண்ணாடியில பட்டன் மேடா வந்து கைக்குத் தட்டுப்படும்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

ஆய்வகத்தில் ஓரளவு உண்மை, கடையில் இல்லை. 2010இல் டிஸ்னியின் ஆய்வுப் பிரிவு டெஸ்லாடச் என்ற ஒன்றைச் செய்தது. கண்ணாடியில் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் விரல் நகரும்போது உராய்வு கூடிக் குறையும், வழவழப்பான கண்ணாடி சொரசொரப்பாகத் தோன்றும். நம் கைக்கு வந்து சேர்ந்தது அதிர்வு மட்டும்தான்.

என் விரல் தடிமன். ஒரு எழுத்தைத் தொட்டா பக்கத்து எழுத்து விழுது. தமிழ்ல டைப் பண்ணவே முடியலை.

விரல் மட்டும் காரணம் இல்லை. ஆண்ட்ராய்டுக்கு ஆப் செய்கிறவர்களுக்கு ஒரு பட்டன் சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று பரிந்துரை உண்டு. தமிழ் கீபோர்டில் 12 உயிரையும் 18 மெய்யையும் அடுக்கினால் அந்த அளவு எங்கே கிடைக்கும்? ஆங்கில கீபோர்டில் 26 எழுத்துதான். நாம் ஆரம்பத்திலேயே நெருக்கடியில் இருக்கிறோம்.

கூகுள் கீபோர்டில் செய்யக்கூடியவை: செட்டிங்கில் கீபோர்டு உயரத்தைக் கூட்டுங்கள். தப்பாக விழுந்த எழுத்துக்குப் போய்த் திருத்த வேண்டுமானால் எழுத்துகளுக்கு நடுவில் குத்தாதீர்கள், ஸ்பேஸ் பட்டனில் விரலை வைத்து இடவலமாக இழுங்கள், கர்சர் கூடவே நகரும். இதைக் காட்டினால் கடையில் ஒவ்வொருவரும் ஒரு 'அட!' சொல்கிறார்கள். 'ammaa' மாதிரி ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றும் முறையும் உண்டு, பட்டன் பெரிதாகக் கிடைக்கும். கையால் எழுதும் முறையில் விரலாலேயே 'க' போட்டால் 'க' வரும். நீளமாகச் சொல்ல வேண்டும் என்றால் மைக்கை அழுத்திப் பேசுங்கள். மூலங்குடிப் பேச்சும் மாயவரம் பேச்சும் அதற்குப் பெரும்பாலும் புரிகிறது. வயல் பெயரும் ஆள் பெயரும் மட்டும் தப்பாக விழும், அனுப்பும் முன் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்குக் கை நடுங்குது. ஒரு தடவை தொட்டா ரெண்டு தடவை விழுது. வேற போன் வாங்கணுமா?

வேண்டாம். சாம்சங்கில் அக்சஸிபிலிட்டிக்குள் 'டேப் டியூரேஷன்', 'இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ்' என்று இரண்டு இருக்கும். முதலாவது, இவ்வளவு நேரம் விரல் இருந்தால்தான் தொடுதல் என்று வைக்கும். இரண்டாவது, உடனே விழும் அடுத்த தொடுதலை விட்டுவிடும். ஐபோனில் 'டச் அக்காமடேஷன்ஸ்' என்ற பெயரில் இரண்டும் இருக்கின்றன. மற்ற ஆண்ட்ராய்டுகளில் நீண்ட தொடுதலுக்கான நேரத்தையாவது கூட்டலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரேயடியாகக் கூட்டினால் போன் செத்துவிட்டது என்று அம்மா நினைப்பார்.

அதே பக்கத்தில் 'டாக்பேக்' இருக்கும். பார்வையற்றவர்களுக்கான அருமையான வசதி, ஆனால் தெரியாமல் விழுந்துவிட்டால் போன் பேச ஆரம்பிக்கும், ஒரு தட்டுக்குத் தேர்வு மட்டும் ஆகும், இரண்டு தட்டினால்தான் திறக்கும், இரண்டு விரலால்தான் நகரும். டச் போய்விட்டது என்று இதோடு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று நொடி பிடியுங்கள், பெரும்பாலான போன்களில் அணைந்துவிடும். இதற்குக் காசு வாங்கும் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

காம்போ மாத்தினதுக்கு அப்புறம் பழைய வசதியெல்லாம் வேலை செய்யலை. ஏமாத்திட்டாங்களா?

எப்போதும் ஏமாற்று இல்லை. டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்து வருவதுதான் காம்போ. விலை குறைந்த காம்போவில் பல நேரம் டச் சிப்பே வேறாக இருக்கும். தொடுதல் எடுக்கும், உணர்திறன் கூட்டுவது, ஈரத்தைப் பிரித்துப் பார்ப்பது போன்றவை போய்விடும். பின்பக்கத் தட்டு மட்டும் பாதிக்கப்படாது, அது டிஸ்ப்ளேயில் இல்லை என்று மேலே சொன்னேன். எந்தத் தரம் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பின்னாடி தட்டுறது, சைகை காட்டுறது எல்லாம் எந்த போன்லயும் வரும்னு ஒரு ஆப் இருக்கு. அக்சஸிபிலிட்டி அனுமதி கேக்குது. கொடுக்கலாமா?

இதற்குத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன். அந்த அனுமதி கிடைத்த ஆப்பால் ஸ்க்ரீனில் இருப்பதைப் படிக்க முடியும், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் முடியும். புதிய தொடுவழிகளைச் சேர்க்க அது நிஜமாகவே தேவைப்படும், அதனால் கேட்கிற எல்லா ஆப்பும் திருட்டு ஆப் அல்ல. ஆனால் பணம் திருடும் ஆப்புகளும் இதே கதவு வழியாகத்தான் வருகின்றன.

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பைலாக வந்த ஆப் என்றால், அது பயிர்க் காப்பீடு என்று சொன்னாலும் கல்யாணப் பத்திரிகை என்று சொன்னாலும் நிறுவவே வேண்டாம். போனோடு வந்த வசதியை மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அக்சஸிபிலிட்டி பக்கத்தில் 'டவுன்லோடட் ஆப்ஸ்' அல்லது 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைத் திறந்து, தெரியாத பெயரை அணைத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவது அதற்குப் பிறகு.